பதினாறு இடங்கள், மூன்று வகை செட்: இன்சுலின் பம்ப் போட்டிருப்பவளின் அனுபவம்

நாள் முழுக்கச் சிறுகச் சிறுக இன்சுலினை உடம்புக்குள் செலுத்தும் பம்ப் கருவியை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் எல்லோரும் பம்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த மாடல் நல்லது, சர்க்கரையைப் பார்க்கும் சென்சாரோடு சேருமா, தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று. நியாயமான கேள்விகள்தான். ஆனால் பம்பை ஒருமுறை வாங்குகிறோம், அது துணிக்குள் ஒரு பையில் கிடக்கிறது. உடம்பைத் தொடுவது அதன் முனையில் இருக்கும் செட். பம்பிலிருந்து வரும் மெல்லிய ட்யூப், தோலில் ஒட்டும் ஒரு பொத்தான், பொத்தானுக்கு அடியில் தோலுக்குள் இறங்கும் சிறு குழாய் அல்லது ஊசி. இதைத்தான் செட் என்கிறோம். மூன்று நாளைக்கு ஒன்று என்று மாதத்துக்குப் பத்து செட். 2017 ஜூனில் எனக்குப் பம்ப் போட்டார்கள். அன்றிலிருந்து எண்ணூறுக்கு மேல் குத்தியிருப்பேன். அதனால் செட்டைப் பற்றியும் அதைக் குத்தும் இடத்தைப் பற்றியும் எழுதுகிறேன்.

கம்பெனிப் பெயர்களை எழுதவில்லை. எனக்கு நடந்த கோளாறுகளில் பாதிக்கு மேல் நான் இடம் மாற்றாததால் வந்தவை. அதற்கு ஒரு கம்பெனியைக் குறை சொல்வது சரியில்லை. எந்த வகை என்று சொன்னால் உங்கள் பம்புக்குப் பொருந்தும் செட்டை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எனக்கு டைப் 1 சர்க்கரை நோய், பதின்மூன்று வயதில் வந்தது. வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம், வேலை தக்கலையில் ஒரு பள்ளிக்கூடத்தில். தினமும் சேலை கட்டி, பஸ் ஏறி, நின்றுகொண்டே பாடம் எடுத்துவிட்டு வருகிறவள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. செட்டோடு வரும் படங்களில் இருப்பவர்கள் பேன்ட் போட்டவர்கள். பாவாடை நாடா அழுத்துகிற இடத்தில் செட் குத்தினால் என்ன ஆகும் என்று அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை.

முதல் இரண்டு வருடம் நான் செய்தது இதுதான். நேராகக் குத்தும் செட், வயிற்றில் மட்டும். தொப்புளுக்கு வலது பக்கம் ஒரு இடம், இடது பக்கம் ஒரு இடம். இரண்டுக்கும் மாறி மாறிப் போவதையே இடம் மாற்றுவது என்று நினைத்திருந்தேன். அந்த இரண்டு இடமும் நாடாவுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தன. வலியும் இல்லை. மூன்று நாளில் மாற்ற வேண்டியதை நான்கு, ஐந்து நாள் என்று இழுத்ததும் உண்டு. மாதம் பத்து செட்டின் விலை என் சம்பளத்தில் எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும். இழுப்பவர்களை நான் திட்ட மாட்டேன்.

பம்ப் போட்ட அதே 2017 நவம்பர் 30-ல் ஓகிப் புயல் வந்தது. எங்கள் பக்கம் ரப்பர் மரங்கள் சரிந்து ரோட்டை அடைத்துவிட்டன. கரண்ட் நாள்கணக்கில் இல்லை. பம்ப் சின்ன பேட்டரியில் ஓடுவதால் அது நிற்கவில்லை. இன்சுலினை ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றினோம். ஆனால் கையில் ஒரே ஒரு செட்தான் மிச்சம், கூரியர் வர வழியில்லை. அந்த ஒரே செட்டை எட்டு நாள் வைத்திருந்தேன். எடுத்தபோது குத்திய வாய் சிவந்து, விளிம்பில் சீழ் கட்டியிருந்தது. ஆற மூன்று வாரம் ஆனது, தழும்பு இன்னும் இருக்கிறது. அன்று பேனாவுக்கான (பேனா வடிவ ஊசிக் கருவி) நீண்ட நேர இன்சுலினும் ஊசியும் வீட்டில் இருந்திருந்தால் பம்பைக் கழற்றி வைத்துவிட்டு ஊசிக்குப் போயிருக்கலாம். இப்போது எப்போதும் வைத்திருக்கிறேன். அதோடு ஒவ்வொரு அக்டோபரிலும், வடகிழக்கு மழை தொடங்குமுன், கூடுதலாக ஒரு பெட்டி செட் வாங்கி வைக்கிறேன். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்ப்பேன். இரண்டு மாதமே பாக்கி இருந்த பெட்டியை ஒரு ஏஜென்சி எனக்கு முழு விலைக்குத் தந்திருக்கிறது.

2019-ல் தம்பி கல்யாணம். பட்டுச் சேலையின் கொசுவத்தை அம்மா செருகிவிடும்போது கை ஓரிடத்தில் நின்றது.

“ஏளா, இது என்ன? ரெண்டு பக்கமும் எலுமிச்சங்கா வச்ச மாதிரி இருக்கு?”

எனக்குத் தெரியவே இல்லை. கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வயிற்றின் இரண்டு பக்கமும் லேசான மேடு. தொட்டால் மற்ற சதை மாதிரி இல்லை, கொஞ்சம் இறுகி, ரப்பர் மாதிரி இருந்தது. கல்யாண வீட்டில் அதைப் பற்றிப் பேச நேரமில்லை. மறுநாள் காலையில் அப்பா பால் வெட்டிவிட்டு வந்ததும் அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

அப்பா முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். என்னைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற ஒரு பழைய மரத்தைக் காட்டினார். வேலை தெரியாத யாரோ ஒருவர் கத்தியை ஆழமாக இறக்கி, தடி வரை காயப்படுத்திய மரம் அது. காயம் ஆறிய இடத்தில் புதுப்பட்டை சமமாக வரவில்லை. முண்டு முண்டாகத் தடித்து நின்றது. அதன் மேல் அடுத்த வெட்டுக் கத்தி ஓடாது, பாலும் ஒழுங்காக இறங்காது. பக்கத்து மரத்தில் அவர் வெட்டிய பக்கம் வழவழவென்று இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டு, ஒரு பக்கம் முடிந்தால் அந்தப் பக்கத்தை வருடக்கணக்கில் விட்டுவிட்டு மறுபக்கம்.

“பட்டைய ஆற விடணும் மக்களே. நீ விடல்ல,” என்றார்.

அப்பாவுக்கு இன்சுலினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில் டாக்டர் என் வயிற்றைத் தடவிப் பார்த்துச் சொன்னதும் இதைத்தான்.

டாக்டர் விளக்கியதை என் வார்த்தையில் எழுதுகிறேன். இன்சுலின் கொழுப்புச் செல்களை வளரச் செய்யும் மருந்து. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்கினால் அங்கே கொழுப்பு தடித்து மேடாகும். லிப்போஹைப்பர்ட்ரோஃபி என்று அதற்குப் பெயர். அந்த மேட்டில் உணர்ச்சி குறைவு, குத்தினால் வலிக்காது. வலிக்காத இடத்தையே நம் கை தேடிப் போகும், போகப் போக மேடு வளரும். அதற்குள் இறங்கும் இன்சுலின் ஒழுங்காக ரத்தத்தில் சேராது. ஒரு நாள் மெதுவாக, ஒரு நாள் கொஞ்சமாக, ஒரு நாள் எதிர்பாராத நேரத்தில் சேரும். மதியம் அதே சோறு, அதே அளவு இன்சுலின் என்றாலும் ஒரு நாள் 280, மறுநாள் 65 என்று எனக்குச் சர்க்கரை வந்ததன் காரணம் அங்கே இருந்தது. நான் அதுவரை அரிசியையும், பழத்தையும், என் மனக்கவலையையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேட்டை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது கவனமாக இருக்க வேண்டும். இதை முக்கியமாகச் சொல்கிறேன். மேட்டில் பாதி வீணாகப் போய்க்கொண்டிருந்த இன்சுலின், புது இடத்தில் முழுதாக வேலை செய்யும். பழைய அளவையே போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். டாக்டர் முதல் நாளிலேயே அளவைக் குறைத்துக் கொடுத்தார். அப்படியும் முதல் வாரத்தில் எனக்கு மூன்று முறை இறங்கியது, ஒருமுறை வகுப்பில் கரும்பலகை முன்னால் நிற்கும்போதே. ஒரு நாளைக்கு 58 யூனிட் போய்க்கொண்டிருந்தது ஒரு மாதத்தில் 46-க்கு வந்து நின்றது. இதை நீங்களாகச் செய்யாதீர்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டு, அடிக்கடி சோதித்துக்கொண்டே மாறுங்கள்.

சரி, இனி செட்டுகள்.

நேராகக் குத்தும் மென்குழாய் செட்டைத்தான் பெரும்பாலும் முதலில் தருவார்கள். டெஃப்லான் என்ற வழவழப்பான பிளாஸ்டிக்கில் செய்த குழாய், 6 அல்லது 9 மில்லிமீட்டர். ஒரு ஸ்பிரிங் கருவியில் வைத்துத் தோலில் அழுத்தினால் ‘டக்’கென்று இறங்கிவிடும், பிறகு உள்ளே இருக்கும் ஊசியை மட்டும் உருவிவிட வேண்டும். பயமில்லை. ஒரு கையால் செய்யலாம் என்பதால் இடுப்பின் பின்பக்கம் போன்ற கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு இதைவிட நல்லது இல்லை. உருவிய பிறகு வெற்றுக் குழாயை நிரப்பப் பம்பில் ஒரு சிறு அளவு கொடுக்க வேண்டும். என் பம்பில் 6 மில்லிமீட்டருக்கு 0.3 யூனிட், 9-க்கு 0.5. மறந்தால் அந்த அளவு உடம்புக்குக் குறையும். குறை என்னவென்றால், குழாய் மடங்கும். தசை பக்கத்தில் இருக்கும் ஒல்லியான இடத்தில், அல்லது உட்காரும்போது சதை மடிகிற இடத்தில் போட்டால் இன்னும் அதிகமாக மடங்கும். அடிவயிறு எனக்கு அப்படித்தான். நான்காம் பீரியட் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தி எழுந்தால் குழாய் இழுபடுவது தெரியும்.

சாய்த்துக் குத்துவது என் வயிற்றுக்குப் பிடித்த செட். முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி சாய்வில், பெரும்பாலும் கையால் குத்த வேண்டும். ஊசி நீளமாகத் தெரியும். முதல் தடவை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தேன். இரண்டு நாள் கழித்து, மைனி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சதையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, மூச்சை விட்டபடி செலுத்தினேன். நினைத்த வலி இல்லை. சாய்வாக இறங்குவதால் தோலுக்கு அடியிலேயே நீளமாகப் படுத்துக் கிடக்கிறது. குனிந்தாலும் உட்கார்ந்தாலும் எளிதில் மடங்குவதில்லை. குத்திய வாய் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகத் தெரியும். சிவந்திருக்கிறதா, ரத்தம் நிற்கிறதா, மருந்து கசிகிறதா என்று கழற்றாமலே பார்க்கலாம். இந்த ஜன்னலுக்காகவே இதை வாங்கலாம் என்பேன். பின்பக்கத்துக்கு மட்டும் சரிவராது, கண்ணால் பார்க்காமல் சாய்வு வராது.

ஸ்டீல் செட்டில் மென்குழாயே இல்லை. சின்ன ஸ்டீல் ஊசியே உள்ளே இருக்கும், அதனால் மடங்கவே மடங்காது. உள்ளே வெற்றுக் குழாய் இல்லாததால் 0.3 நிரப்பும் வேலையும் இல்லை. கட்டைவிரலால் அழுத்திவிடலாம். டெஃப்லான் சேராமல் தோல் சிவக்கிறவர்களுக்கும், ஒல்லியான உடம்புக்காரர்களுக்கும் முதலில் இதைச் சொல்வேன். ஆனால் இரண்டு நாளில் மாற்ற வேண்டும், மாதத்துக்குப் பதினைந்து ஆகிறது. ட்யூபைக் கழற்றும் இடம் ஊசிக்கு மேலே இல்லை, நான்கு இஞ்சு போல் தள்ளி, தோலில் ஒட்டும் இரண்டாவது ஒட்டில் இருக்கிறது. ஊசிமேல் இழுப்பு விழாதது நல்லதுதான். ஆனால் சேலைக்குள் இரண்டு ஒட்டுக்கு இடம் வேண்டும். தொடையில் போட்டபோது பஸ்ஸில் யாராவது இடித்தால் ஊசி இருப்பது தெரிந்தது. இடுப்பில் அந்த உணர்வு இல்லை. ஸ்கேனில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் பம்போடு இதையும் கழற்றிவிட வேண்டும்.

ஏழு நாள் வரை வைக்கக்கூடிய செட்டுக்கு 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நான் போட்டதில்லை, அதனால் அதை மதிப்பிட மாட்டேன்.

மூன்றில் எது என்று ஒரே வார்த்தையில் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. ஒரே செட்டை வைத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் போக முடியவில்லை என்பதுதான் என் அனுபவம். நேரான செட் மட்டும் இருந்தபோது அது எங்கே வசதியோ அங்கேயே திரும்பித் திரும்பிப் போனேன். இப்போது வயிற்றுக்குச் சாய்ந்தது, இடுப்புக்கும் தொடைக்கும் நேரானது, எதுவும் சரிவராத வாரத்துக்கு ஸ்டீல் என்று மூன்றையும் வைத்திருக்கிறேன். புது இடங்கள் திறந்தது அதனால்தான்.

இடங்களை எப்படிப் பிரித்தேன் என்று சொல்கிறேன். தையல்காரர்களின் இஞ்சு டேப்பும் பால்பாயின்ட் பேனாவும் எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். தொப்புளைச் சுற்றி இரண்டு இஞ்சு விட்டேன். பாவாடை நாடா அழுத்தும் கோட்டை மேலும் கீழும் இரண்டு விரல் விட்டேன். பழைய மேடு இரண்டையும் வட்டம் போட்டு முழுதாக ஒதுக்கினேன். மிச்சமுள்ள வயிற்றில் வலது பக்கம் நான்கு, இடது பக்கம் நான்கு, ஒன்றுக்கொன்று ஒரு இஞ்சுக்கு மேல் தள்ளி. இடுப்பின் பின்பக்க மேல்சதையில் பக்கத்துக்கு இரண்டு. தொடையின் வெளிப்பக்கத்தில் பக்கத்துக்கு இரண்டு. மொத்தம் பதினாறு. மூன்று நாளுக்கு ஒன்று என்றால் ஒரு இடத்துக்குத் திரும்பி வர 48 நாள். எங்கள் மாவட்டத்தில் வைத்தியர்கள் மருந்து கொடுக்கும்போது ஒரு மண்டலம் என்பார்களே, அந்தக் கணக்கு. அம்மாவுக்கு இதைச் சொன்னதும் மறுகேள்வி இல்லாமல் பிடித்துப்போயிற்று. இப்போது அவளே கேட்பாள், “மண்டலம் எத்தனையில நிக்கிது?” என்று. ஸ்டீல் செட் போட்டால் அதே பதினாறு இடம் 32 நாளில் தீர்ந்துவிடும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். சென்சார் கையின் பின்பக்கம் இருப்பதால் அங்கே செட் குத்துவதில்லை. சென்சாரை வயிற்றில் வைப்பவர்கள் செட்டை அதிலிருந்து இரண்டு இஞ்சாவது தள்ளி வையுங்கள்.

நினைவில் வைத்துக்கொள்வதை நம்ப வேண்டாம். அடுக்களையில் தொங்கும் மாதக் காலண்டரில் மாற்றுகிற நாளின் கட்டத்துக்குள் பென்சிலால் எண்ணை எழுதுகிறேன். 1-லிருந்து 16 வரை, அவ்வளவுதான். ஒரு மாதம் எண்கள் குழம்பிக் கிடந்தால் அந்த மாதச் சர்க்கரையும் குழம்பியே இருந்திருக்கிறது.

இடத்துக்கு இடம் வேகமும் வேறு. வயிற்றில் இறங்குவது சீக்கிரம் சேர்கிறது. இடுப்பிலும் தொடையிலும் மெதுவாக. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையில் செட் இடுப்பில் இருந்தால் நான் சாப்பாட்டுக்குச் சற்று முன்னதாகவே இன்சுலினைக் கொடுத்துவிடுகிறேன். எவ்வளவு முன்னால் என்பது உங்கள் உடம்பைப் பார்த்து நீங்களும் டாக்டரும் முடிவு செய்ய வேண்டியது. தொடையில் இருக்கும்போது நடந்தால் கதை மாறிவிடும். தசை வேலை செய்யும்போது மருந்து வேகமாக இழுபடுகிறது. பள்ளி விளையாட்டு விழாவன்று தொடையில் செட்டோடு மைதானத்தில் காலையிலிருந்தே நடந்து, பதினொரு மணிக்கே சர்க்கரை 58-க்கு வந்தது. அன்றிலிருந்து விளையாட்டு விழா, தோட்ட வேலை, நீண்ட நடை இருக்கிற வாரத்தில் வயிற்றுக்கோ இடுப்புக்கோ மாற்றிவிடுகிறேன்.

இதெல்லாம் பழகிய பிறகும் 2020-ல் ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒன்பதரை மணிக்கு நேரான செட் ஒன்றை அடிவயிற்றில் மாற்றிவிட்டு அப்படியே படுத்துவிட்டேன். இரண்டு மணிக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிற தாகத்தில் விழித்தேன். வாந்தி வந்தது. சர்க்கரை 418. பம்ப் எந்தச் சத்தமும் போடவில்லை. அடைப்பு ஏற்பட்டால் பம்ப் கூவும். ஆனால் மருந்து குழாயோரமாகக் கசிந்து வெளியே போனால் அதற்கு அது அடைப்பாகத் தெரியாது. கழற்றிப் பார்த்தேன். குழாய் தூண்டில் முள் மாதிரி வளைந்து தோலுக்கு மேலேயே நின்றிருந்தது, பஞ்சு முழுக்க இன்சுலின் வாசனை. பம்பில் ஓடுவது வேகமான இன்சுலின் மட்டும், நீண்ட நேர இன்சுலின் உடம்பில் இல்லை. அதனால் நான்கைந்து மணி நேரம் நின்றாலே, இன்சுலின் இல்லாதபோது உடம்பில் சேரும் கீட்டோன் என்ற அமிலம் ஏறிவிடும். பேனாவால் இன்சுலின் போட்டு, புதுச் செட் குத்தி, தம்பி வண்டியில் நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இரவுப் பணியில் இருந்தவர்களுக்குப் பம்ப் பழக்கமில்லை, கழற்றச் சொன்னார்கள். அம்மா அவர்களிடம் எனக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாக விளக்கினாள். விடியும்போது சரியானது.

அந்த இரவிலிருந்து ராத்திரியில் செட் மாற்றுவதே இல்லை. காலை ஆறு மணிக்குக் குளித்துவிட்டு மாற்றுவேன். உடனே காலைச் சாப்பாட்டுக்கான இன்சுலின் புதுக் குழாய் வழியாகப் போகும். எட்டு மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது சர்க்கரையைப் பார்த்தால் செட் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். காரணம் தெரியாமல் 250-க்கு மேல் ஏறி, பம்பால் கொடுத்தும் இறங்கவில்லை என்றால் நான் செட்டைத்தான் சந்தேகப்படுவேன். கீட்டோன் பார்த்து, பேனாவால் போட்டு, எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுவேன். ஒரு செட் வீணாகிறதே என்று அன்று யோசிப்பதில்லை.

இன்சுலினைப் பிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே, பம்புக்குள் மருந்து நிற்கும் ரிசர்வாயரில் நிரப்பாதீர்கள். குளிர்ச்சி போக விடுங்கள். குளிர்ந்த மருந்தில் காற்றுக் குமிழ் வரும். ட்யூபில் வெள்ளைக் குமிழ் ஓடும் நீளத்துக்கு மருந்து போகவில்லை என்று பொருள்.

செட்டைத் தோலில் பிடித்து வைக்கும் ஒட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை, நடுவில் வேர்வை. சேலைக் கொசுவத்துக்கு அடியில் ஒட்டு இரண்டாம் நாளே ஓரம் தூக்கும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் செட் மாற்றவே மாற்றாதீர்கள். சீயக்காய் போட்டுக் குளித்தாலும் தேங்காயெண்ணெய் தோலில் நிற்கும், எந்த ஒட்டும் பிடிக்காது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தபின் முழுக்க உலர விட வேண்டும். நான் நூறு வரை எண்ணுவேன். ஈரமாக ஒட்டினால் பிடிக்காது, குத்தும்போது எரியவும் செய்யும். ட்ரிப்ஸ் ஊசி மேல் ஒட்டுகிற கண்ணாடிப் பிளாஸ்திரி மெடிக்கல் ஸ்டோரில் கிடைக்கும். நடுவில் ஓட்டை வெட்டி, செட்டுக்கு மேல் சட்டம் போல ஒட்டினால் மூன்று நாள் அசையாது. கழற்றும்போது அதே தேங்காயெண்ணெய்தான் மருந்து. ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் பொறுத்தால் தோலை இழுக்காமல் வந்துவிடும். திற்பரப்பு அருவியில் குளிக்கப் போனால் பம்பை மட்டும் கழற்றினால் போதாது. தண்ணீர் நேராக விழுகிற இடத்தில் நின்று பொத்தானையே பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஓரமாக நில்லுங்கள்.

ட்யூப் நீளம் 60 சென்டிமீட்டரும் 110-ம் வாங்குகிறேன். வயிற்றுக்கு 60 போதும். இடுப்புக்கும் தொடைக்கும் 110. நீளமாக மிச்சம் தொங்கினால் அலமாரிக் கைப்பிடியிலும் பஸ் சீட்டிலும் மாட்டும். தையல்கார அக்கா ஒருவர் என் பாவாடைகளில் நாடாவுக்குக் கீழே பம்ப் அளவுக்குப் பை தைத்து, ட்யூப் வெளியே வர ஒரு பட்டன் ஓட்டையும் வைத்துக் கொடுத்தார். பம்புக்காக நான் செய்த செலவில் இதுதான் சிறியது, தினமும் நன்றி சொல்ல வைப்பதும் இதுதான்.

மேட்டைத் தேடுவது எப்படி என்று பலர் கேட்டார்கள். குளிக்கும்போது சோப்பு நுரையோடு விரல்களைத் தட்டையாக வைத்து மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடும் விரலுக்குத் தெரியும். தோல் ஓரிடத்தில் சட்டென்று இறுகி, வழுக்குவது மாறும். மாதத்துக்கு ஒருமுறை போதும். எனக்கு இடது பக்க மேடு எட்டு மாதத்தில் கரைந்துவிட்டது. வலது பக்கத்தில் இன்னும் ஒரு புளியங்கொட்டை அளவு நிற்கிறது. அதைச் சுற்றிப் பேனா வட்டம் இன்றும் உண்டு.

புதிதாகப் பம்ப் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் பெட்டி வாங்குமுன் ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று செட் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். எனக்கு யாரும் தரவில்லை, பத்து செட் பெட்டியாகத்தான் வாங்கினேன், பிடிக்காத பெட்டி இரண்டு அலமாரியிலேயே காலாவதியானது. கேட்டவர்களில் சிலருக்குக் கிடைத்திருக்கிறது. வீட்டில் போட்டுப் பார்க்கும்போது நின்று பார்த்தால் மட்டும் போதாது. உட்கார்ந்து, குனிந்து, நீங்கள் தினமும் உடுத்துகிற துணியை உடுத்தி, ஒரு நாள் பஸ்ஸில் போய்விட்டு வந்து முடிவு செய்யுங்கள்.